டொக், கீச், இழுப்பு: ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் தேய்ந்த புஷ்ஷைக் கண்டுபிடித்து வீட்டிலேயே மாற்றுவது

முதல்முறை என் வண்டியின் முன்பக்கம் டொக்கென்று சத்தம் வந்தபோது, யோசிக்காமல் கீழ் ஆர்மின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் இரும்புக் கை) புஷ்கள் அத்தனையையும் மாற்றினேன். புஷ் என்பது இணைப்புகளில் அதிர்வைத் தாங்க வைக்கும், நடுவில் இரும்புக் குழாய் உள்ள ரப்பர் உருளை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. திங்கள் காலை வண்டியை எடுத்தால் அதே டொக். கடைசியில் பார்த்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கின் (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி) நட்டு அரைச்சுற்று தளர்ந்திருந்தது. ஸ்பேனரை வைத்து ஒரு இழு, சத்தம் போயே போச்சு.

அன்றிலிருந்து காதை நம்புவதில்லை. ஃபோர் வீல் வண்டியின் சேசிஸ் முழுக்க இரும்பு. பின்னச்சில் அடிக்கிற சத்தம் முன்சீட்டுக்குக் கீழே கேட்கும். கண்ணும் நெம்புகோலும்தான் உண்மை சொல்லும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களை, காசு செலவாகாததிலிருந்து அதிகம் செலவாவது வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். முதலாவதைப் பார்க்காமல் மூன்றாவதற்குத் தாவாதீர்கள்.

## அடியில் படுக்கும் முன்

கெட்டியான சமதரை வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். கை பிரேக்கையும் நம்ப வேண்டாம். பழைய டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் (அச்சுக்கு விசை கொண்டுபோகும் சுழல் தண்டு) பிடிக்கும். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பினால் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரம்) வழியாக வண்டி உருண்டுவிடும்.

வண்டி தன் நான்கு காலில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இந்த எண் எதற்கு என்று கடைசியில் புரியும்.

## எது கிழிசல், எது கிழிசல் இல்லை

ரப்பரின் மேல்தோலில் நரம்பு நரம்பாக வெடிப்பு இருந்தால் அது வயசு, பழுது இல்லை. பிறை வடிவில் இரண்டு பெரிய ஓட்டை தெரிந்தாலும் பதற வேண்டாம். ஒரு திசையில் மென்மையாகவும் மறு திசையில் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே விட்ட இடைவெளி அது. புஷ் போய்விட்டது என்று நான் முடிவு செய்வது மூன்று அடையாளங்களை வைத்து: வெடிப்பு உள்குழாய் வரை போயிருக்கும், ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கும், அல்லது உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். ரப்பர் ஊறிப் பஞ்சுபோல் ஆகியிருந்தால் மேலே எங்கோ ஆயில் ஒழுகுகிறது. அதை நிறுத்தாமல் புது புஷ் போடுவது வீண்.

## அறிகுறி 1: மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளத்தில் டொக் டொக்

நடக்கிற வேகத்தில், ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது வரும் லேசான அடி. வேகம் கூடினால் கேட்பதே இல்லை.

முதலில் ஜாக்கி, டூல் பை, ஸ்டெப்னி மூன்றும் இறுகியிருக்கின்றனவா பாருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு இது இரண்டு தடவை நடந்திருக்கிறது. அடுத்து ஸ்டெபிலைசர் லிங்க். இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு: இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, யாரும் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் அதே பள்ளத்தில் ஏற்றுங்கள். பார் இல்லாத வண்டி வளைவில் அதிகம் சாயும், வேகம் வேண்டாம்.

சத்தம் நின்றுவிட்டால்: லிங்க், அல்லது பாரைச் சேசிஸோடு பிடிக்கும் ரப்பர். அந்த ரப்பர் நடுவில் பிளந்திருக்கும்; கிளாம்ப்பின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் அரைமணி வேலை. பாரின் தடிமனை அளந்து வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு தடிமன் வருவது சகஜம்.

சத்தம் தொடர்ந்தால்: ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் புஷ். கீழ்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியும். மேல்பக்கத்துக்கு ஒருவர் பம்பரை அமுக்கி அமுக்கி விட, நீங்கள் வெளியிலிருந்தே மேல் நட்டின்மேல் விரலை வையுங்கள். ஆட்டம் இருந்தால் விரலில் தட்டும். அதிலும் இல்லை என்றால் பால் ஜாயிண்ட், அதாவது ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் உருண்டை மூட்டு. பால் ஜாயிண்டில் ஆட்டம் உறுதியானால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். அது கழன்றால் சக்கரமே மடியும், பட்டறைக்கு வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

## அறிகுறி 2: கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் ஒரே ஒரு ‘டங்’

இது நிறைய பேரை ஏமாற்றும் சத்தம், ஏனென்றால் புஷ்ஷுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் இதே குரலில் பேசுவார்கள். ஒன்று, புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயிண்ட் (சிலுவை வடிவ மூட்டு). இன்னொன்று, அதே ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன். கிரீஸ் காய்ந்தால் நின்று கிளம்பும்போது டங்கென்று ஒரு குதி குதிக்கும். எஞ்சினை அணைத்து, கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். யூ ஜாயிண்டின் சிலுவையில் ஆட்டம் தெரிந்தால் அதுதான். கிரீஸ் நிப்பிள் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் கிரீஸ் அடியுங்கள். பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா? கைப்பேசியில் ஸ்லோ மோஷன் வீடியோவைப் போட்டு, ஆர்மின் சேசிஸ் முனையைப் பார்த்தபடி, சக்கரப் பாதையில் படாமல், அடியில் தரையில் வையுங்கள். நீங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு கை நீளம் முன்னால் போய்ப் பிரேக், ஒரு கை நீளம் பின்னால் வந்து பிரேக். இந்தச் சோதனையின்போது யாரும் அடியிலோ முன்னாலோ பின்னாலோ இருக்கக் கூடாது, அதற்குத்தான் கைப்பேசி. நல்ல புஷ்ஷில் ஆர்ம் மெல்ல முறுகித் திரும்பும். போன புஷ்ஷில் ஆர்மே அரை விரற்கடை முன்னும் பின்னும் பாயும், பாய்ந்து நிற்கிற நொடியில் வீடியோவில் டங் கேட்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) வண்டி என்றால், ஸ்பிரிங் கண்ணின் (பட்டை முனையில் உள்ள வளையம்) புஷ்ஷோடு சேர்த்து, பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டையும் பாருங்கள். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பளபளவென்று தேய்ந்த கோடோ செந்துருப் பொடியோ தெரிந்தால், யூ போல்ட்டு தளர்ந்து அச்சு நகர்கிறது. நடு போல்ட்டு அறுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. யூ போல்ட்டைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். ஒருமுறை இழுபட்டு நீண்டது திரும்ப அதே பிடியைத் தராது.

## அறிகுறி 3: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

வரிசை இது: டயர் காற்று, பிரேக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), அப்புறம் கீழ் ஆர்மின் பின்பக்கப் புஷ். காற்றைச் சரிபார்த்துவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் ரிம்முக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அடுப்புபோல் அனல் அடித்தால் கேலிப்பர் சிக்கியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி என்றால், மேலே சொன்ன வீடியோ சோதனை. பிரேக் போட்டதும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மட்கார்டுக்குள் பின்னோக்கி நகர்ந்தால், அந்தப் பக்கத்துப் பின்பக்கப் புஷ் போய்விட்டது.

சில வண்டிகளில் இந்தப் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அடியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று வழிந்த தடம் இருந்தால், உள்ளே கிழிந்து திரவம் போய்விட்டது என்று அர்த்தம். மேற்கொண்டு நெம்பிப் பார்க்கவே தேவையில்லை.

## அறிகுறி 4: நேராகப் போகாமல் அலைகிறது, சில சமயம் ஸ்டீயரிங் வெடவெடவென்று உதறுகிறது

ஜிம்னி, ஜீப் ராங்ளர், பழைய டிஃபெண்டர், லேண்ட் குரூசர் 70 போல முன்னால் முழு அச்சு உள்ள வண்டிகளுக்கு இது. ஒரு வேகத்தில் சின்னக் குழியில் ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறிவிட்டு ஆடத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். அப்போது பதறிப் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை விட்டு மெதுவாகக் குறையுங்கள்.

டயர் காற்றும் பேலன்சும் சரி என்றால், அடுத்து பேன்ஹார்டு ராடு. அச்சை இடவலமாக நகரவிடாமல் பிடிப்பது இந்த ஒற்றைக் கம்பிதான். சக்கரங்கள் தரையில், வண்டி நியூட்ரலில், கட்டை கொடுத்து, எஞ்சின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைப் பத்து பதினைந்து டிகிரி அளவுக்குச் சடசடவென்று இடமும் வலமும் ஆட்ட, நீங்கள் சக்கரத்துக்கு முன்னாலிருந்து டார்ச் அடித்து ராடின் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

ராடு ரப்பருக்குள் ஆடினால்: புஷ். இரண்டு முனையையும் சேர்த்தே மாற்றுங்கள்.

போல்ட்டே பிராக்கெட்டுக்குள் ஆடினால்: முதலில் சரியான டார்க்கில் (தயாரிப்பாளர் சொல்லும் இறுக்க அளவு) இறுக்குங்கள். நின்றுவிட்டால் தப்பித்தீர்கள். நிற்கவில்லை என்றால் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. புது புஷ் போட்டுப் பயனில்லை; பிராக்கெட்டை வெல்டிங் செய்து ஓட்டையைத் திரும்ப எடுக்க வேண்டும். இது வீட்டு வேலை இல்லை.

ராடு அசையவில்லை என்றால்: டை ராடு (இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) முனைகள், அதன்பின் ரேடியஸ் ஆர்ம் (அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் கை) புஷ், கடைசியாகக் கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் அச்சாணியின் பேரிங்).

புது ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் சிறு ஷாக் அப்சார்பர்) போட்டால் உதறல் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால், ஆமாம், அடங்கும். அடியில் தேய்கிறது தேய்ந்துகொண்டே இருக்கும், டேம்பர் களைத்ததும் மறுபடி கிளம்பும்.

## அறிகுறி 5: ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டியின் பின்பக்கம் ஒதுங்குகிறது

பின்னச்சு தானே ஸ்டீயரிங் போடுகிற மாதிரி ஒரு உணர்வு. காயில் ஸ்பிரிங் (சுருள் ஸ்பிரிங்) வண்டியில் பின்பக்க டிரெய்லிங் ஆர்ம் (பின்னச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் கை), பின்பக்கப் பேன்ஹார்டு. லீஃப் வண்டியில் பட்டையின் முன்முனைக் கண் புஷ், பிறகு ஷேக்கிள் (பட்டையின் மறுமுனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு). ஆர்ம் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நெம்புகோலை விட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நெம்புங்கள். ரப்பர் அமுங்கி எதிர்க்க வேண்டும். கடக்கென்று இரும்போடு இரும்பு இடித்தால் கதை முடிந்தது.

## அறிகுறி 6: கீச் கீச்

தண்ணீர் பாட்டில் ஸ்பிரேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியை அமுக்கி ஆட்ட, நீங்கள் வெளியிலிருந்து கைநீட்டி ஒவ்வொரு புஷ்ஷாக நனையுங்கள். எதை நனைத்ததும் கீச் நிற்கிறதோ அதுதான். ஆயிலை அடிக்க வேண்டாம். எல்லாச் சத்தமும் நின்று எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போகும், ரப்பரும் ஊறும்.

பாலியுரேத்தேன் (ரப்பருக்குப் பதில் வரும் கெட்டியான செயற்கைப் பொருள்) புஷ் என்றால் கழற்றித் துடைத்து, அதற்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டால் போதும். இரும்போடு ஒட்டிய ரப்பர் புஷ் நல்ல நிலையில் இருந்தால் கீச்சிடவே வழியில்லை, அங்கே எதுவும் உரசுவதில்லை. அது கீச்சிட்டால் ஒட்டு விட்டுவிட்டது, மாற்றுங்கள்.

## அறிகுறி 7: அலைன்மென்ட் செய்தும் டயரின் உள்விளிம்பு தேய்கிறது

நிறுத்தி வைத்து அளக்கும்போது கோணம் சரியாக இருக்கும், ஓடும்போது புஷ் வழிவிட்டுச் சக்கரம் திரும்பிக்கொள்ளும். எனவே முதலில் புஷ், பிறகுதான் அலைன்மென்ட். பல வண்டிகளில் கீழ் ஆர்மில் கோணம் மாற்றும் கேம் போல்ட்டு உண்டு. கழற்றும் முன் அதன் வட்டுக்கும் சேசிஸுக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு போடுங்கள். பெயிண்ட் கோடு துடைக்கும்போது போய்விடும். கோட்டுக்குக் கோடு சேர்த்துப் பூட்டினாலும் கடைசியில் மெஷினில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

## கழற்றும்போது: போல்ட்டு சுற்றுகிறது, வெளியே வரவில்லை

முந்தின இரவே துருநீக்கி ஆயில் அடித்து ஊறவிட வேண்டும். அப்படியும் நட்டு கழன்ற பிறகு போல்ட்டைத் திருப்பினால், கால் சுற்று போய், ஸ்பேனரை விட்டதும் மெல்லத் திரும்பி வரும். ஸ்பிரிங் மாதிரி. கையில் இந்த உணர்வு வந்தால் போல்ட்டு புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கிறது. நீங்கள் திருப்புவது போல்ட்டை அல்ல, ரப்பரை. இன்னும் பெரிய பைப் போட்டு முறுக்கினால் தலைதான் ஒடியும். முன்னும் பின்னும் ஆட்டி, ஆயில் விட்டு, நட்டை முனையில் ஏற்றி அதன்மேல் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அசையவில்லை என்றால், புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே உள்ள சந்தில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். புது போல்ட்டு, தலையில் 10.9 என்று இருந்தால் 10.9-தான், 8.8 போட்டுச் சமாளிக்க வேண்டாம். பிராக்கெட்டில் வெல்டு செய்த நட்டு உள்ளே சுற்ற ஆரம்பித்தால் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு ஆர்ம் மட்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் அச்சு சுழன்று பிரேக் ஹோசையும் ஏபிஎஸ் வயரையும் இழுத்துவிடும். டார்ஷன் பார் (முறுக்கித் தாங்கும் ஸ்பிரிங் கம்பி), ஏர் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் ஸ்டெபிலைசர் உள்ள வண்டிகளில் அந்தப் பாகங்களைத் தொடாதீர்கள். முறுக்கும் அழுத்தமும் உள்ளேயே அடைபட்டிருக்கும்.

## புஷ் ஆர்மை விட்டு வரவில்லை

எரித்து எடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. செய்யாதீர்கள், புகை விஷம், திரவம் உள்ள புஷ் வெடித்துத் தெறிக்கும். ரப்பரில் டிரில் செய்து உள்குழாயைத் தள்ளி எடுங்கள். இப்போது வெளி இரும்பு ஓடு மட்டும் மிச்சம். பாலியுரேத்தேன் செட் என்றால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்: சில செட்டுகளுக்குப் பழைய ஓடு அப்படியே வேண்டும். வேண்டாம் என்றால், ஆக்சா பிளேடைத் துளைக்குள் விட்டுப் பிரேமில் மாட்டி, அந்த இரும்பு ஓட்டினை நீளவாக்கில் அறுங்கள். ஆர்மில் பிளேடு படக் கூடாது. கடைசி மெல்லிய தோல் மட்டும் மிச்சம் இருக்கும்போது உளியால் உள்ளே மடக்கினால், அதுவரை யானைபோல் உட்கார்ந்திருந்த ஓடு கையோடு வரும்.

## புதியது உள்ளே போகவில்லை

ஆர்மின் துளையைக் கம்பிப் பிரஷ்ஷால் துரு இல்லாமல் தேய்த்து, விளிம்பை அரத்தால் லேசாகச் சரியுங்கள். புஷ்ஷை இரவே ஃப்ரீசரில் வையுங்கள். தடித்த திரெட் கம்பி, ஒருபக்கம் புஷ்ஷை விடக் கொஞ்சம் பெரிய குழாய், மறுபக்கம் ஓட்டின் விளிம்பில் மட்டும் உட்காரும் வட்டு. நட்டை இறுக்க இறுக்க உள்ளே போகும். தள்ளுவது வெளி ஓட்டினைத்தான், ரப்பரை அல்ல. சுத்தியலால் அடித்தால் ஓடு கோணலாகி நெளியும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பிறை இடைவெளி உள்ள புஷ் என்றால், பழையதைக் கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்த்தது என்று ஆர்மில் குறித்திருக்க வேண்டும். ரேடியஸ் ஆர்மின் அச்சுப் பக்கப் புஷ்கள் இப்படி வீட்டில் நகராது. அதிகம் போராடாமல், ஆர்மைக் கழற்றிப் பிரஸ் உள்ள பட்டறைக்கு எடுத்துப்போவதுதான் நான் செய்வது.

## புஷ் ஓட்டையும் பிராக்கெட் ஓட்டையும் சேரவில்லை

அச்சு ஒரு விரல் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். பேன்ஹார்டு என்றால் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பினால் ஓட்டை தானாக வந்து நிற்கும். ஆர்ம் என்றால் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டால் அச்சை இழுங்கள். சேர்ந்ததா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். போல்ட்டின் கூர்முனையோ ஸ்குரூடிரைவரோ போதும்.

## மாற்றி சில மாதம்கூட ஆகவில்லை, மறுபடி கிழிந்துவிட்டது

இது ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்: வண்டி தூக்கி நிற்கும்போது, கால்கள் தொங்கிய நிலையில் போல்ட்டை இறுக்கியது. ரப்பர் புஷ்ஷின் உள்குழாயைப் பிராக்கெட் கவ்விக்கொள்ளும். தொங்கிய நிலையில் கவ்வினால், வண்டியை இறக்கிய கணமே ரப்பர் முறுகிய நிலைக்குப் போய்விடும். சும்மா நிற்கும்போதும் முறுகியே நிற்கும். நான் போட்ட முதல் செட் இப்படித்தான் போனது. கழற்றிப் பார்த்தபோது ரப்பர் உள்குழாயைச் சுற்றிக் கத்தியால் வெட்டிய மாதிரி விட்டிருந்தது.

எனவே மேலே நிற்கும்போது நட்டைக் கையளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். வண்டியை இறக்கி, பம்பரை நாலு தடவை அமுக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, அப்புறம் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். ஃபோர் வீல் வண்டிக்கு இங்கே ஒரு வசதி, சக்கரம் தரையில் இருக்கும்போதே அடியில் படுக்க இடம் உண்டு. இடம் போதாதென்றால் சேசிஸ் ஸ்டாண்டில் இருக்க, ஆர்முக்கோ அச்சுக்கோ அடியில் ஜாக்கி கொடுத்து, முதலில் எழுதி வைத்த உயரம் வரும்வரை தூக்கி இறுக்குங்கள். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் செட்) போட்ட வண்டியில் புது உயரமே கணக்கு. தனியாகச் சுழலும் பாலியுரேத்தேனுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்பதை மட்டும்தான்.